சான்ட்ரோவை இறக்கினேன், திரும்ப ஏற்றினேன்

எங்கள் வீட்டு சான்ட்ரோ ஜிங் 2009 மாடல். அப்பா வாங்கியது, இப்போது நான் ஓட்டுகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி, கொரட்டூர் தெருக்களிலேயே தேய்ந்த வண்டி. போன வருடம் முன்பக்கம் ஆட ஆரம்பித்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரு குதியில் அடங்க வேண்டியது மூன்று முறை தொட்டில் மாதிரி ஆடிவிட்டுத்தான் நிற்கும். பிரேக் பிடித்தால் மூக்கு குனியும். பாடி மேம்பாலத்தில் வளைந்து ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இடது ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது) குழாய் முழுக்க எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டி, எள்ளுப் பிண்ணாக்கு அப்பிய மாதிரி இருந்தது. வலது பக்கம் காய்ந்திருந்தது. காய்ந்திருக்கிறதே என்று ஒன்றை மட்டும் மாற்றிவிடலாமா என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பள்ளத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

எப்படியும் கழற்றப்போகிறோம், அப்படியே ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கியும் விடலாமே என்ற ஆசை அப்போதுதான் வந்தது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு இரண்டு மூன்று தடவை வேடிக்கை பார்க்கப் போனதன் விளைவு. சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கை நுழையாத இடைவெளியோடு நிற்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்து நம் சான்ட்ரோவைப் பார்த்தால் ஏணி மேல் நிற்கிற மாதிரி இருக்கும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி பட்டறையில் வேலை பார்ப்பவன், ஸ்பேனர் புதுசில்லை. வீட்டு போர்ட்டிகோவிலேயே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் அளவு. இதைச் செய்யாமல் யாரும் ஸ்பேனரைத் தொடாதீர்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் காற்று கம்மியாக இருந்தாலும் அளவு மாறிவிடும், மையத்திலிருந்து அளந்தால் மாறாது. எனக்கு முன் இடது 352 மி.மீ, முன் வலது 347. ஓட்டுநர் பக்கம் ஐந்து மி.மீ தாழ்ந்திருந்தது. பதினைந்து வருடமாக அந்தப் பக்கம் மட்டும் எப்போதும் ஆள் உட்கார்ந்திருக்கிறது, ஸ்பிரிங் என்ன செய்யும்.

தூக்குவதில் கஞ்சத்தனம் வேண்டாம். வண்டியோடு வரும் ஜாக்கி பஞ்சர் பார்க்கத்தான், அதை நம்பி அடியில் கை விடக் கூடாது. சித்தப்பா பையனிடம் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு இரவல் வாங்கினேன். எங்கள் போர்ட்டிகோவில் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், அதில் ஸ்டாண்டின் கால் வழுக்கும் என்பதால் அடியில் பிளைவுட் துண்டு போட்டேன். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. செங்கல் அடுக்கி வேலை பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செங்கல் உடையும்போது சொல்லிவிட்டு உடையாது. கழற்றிய சக்கரத்தை அப்படியே வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள், ஏதாவது ஆனாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும்.

ஸ்ட்ரட்டின் அடிப்பகுதியை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு பிடித்திருப்பது இரண்டு பெரிய போல்ட். முதல் நாள் ராத்திரியே துருவுக்கான ஸ்பிரே அடித்து வைத்தேன், காலையில் இன்னொரு தடவை. பன்னிரண்டு முனை பாக்ஸ் ஸ்பேனர் போட்டால் பழைய நட்டின் முனை மழுங்கிவிடும், ஆறு முனை பாக்ஸ்தான் போட வேண்டும். கைப்பிடிக்கு ஒரு தண்ணீர்க் குழாயை மாட்டி நீளம் கூட்டி அழுத்தியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். போல்ட்தான் உடைந்துவிட்டது என்று நெஞ்சு நின்றது, இல்லை, துரு விட்ட சத்தம். நட்டு தளர்ந்த பிறகு போல்ட்டைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுக்கும்போது நட்டை நுனியில் இரண்டு சுற்று விட்டுவைத்து அதன் மேல் தட்டுங்கள், மரை நசுங்காது.

போல்ட்டைக் கழற்றும் முன் இன்னொரு காரியம். அந்த ஓட்டைகளில் சிறிது இடம் இருக்கும், போல்ட் ஒரு மி.மீ அப்படி இப்படி நகர்ந்தால்கூட சக்கரத்தின் சாய்வு மாறும். அதனால் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டு வைத்தேன். புது ஸ்ட்ரட்டில் அந்தக் கோடு இருக்காதுதான், ஆனால் போல்ட் தலை நக்கிளில் எங்கே உட்கார்ந்திருந்தது என்ற தடம் கிடைக்கும்.

போல்ட் இரண்டும் வந்ததும் நக்கிள் வெளியே சாயும். அதைத் தொங்கவிட்டால் இரண்டு நஷ்டம். பிரேக் ஹோஸ் இழுபடும், அப்புறம் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிரிந்து வரும். பிரேக் ஹோஸை ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் கிளிப்பை முதலிலேயே எடுத்துவிட்டு, நக்கிளைக் கட்டுக்கம்பியால் மேலே கட்டிவிட்டேன்.

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். அதில் ஓரமாக இருக்கும் சின்ன நட்டுகள் ஸ்ட்ரட்டின் மேல் தாங்கியான மவுண்டை பாடியோடு பிடிப்பவை, அவற்றைத்தான் கழற்ற வேண்டும். நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும், அது ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருப்பது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) போடாமல் அதைக் கழற்றினால் முகத்துக்கு நேராக வெடிக்கும். கை உடைந்தவர்கள் இருக்கிறார்கள், அதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. ஸ்ட்ரட்டை வெளியே எடுத்த பிறகு, கம்ப்ரஸரின் இரண்டு கொக்கிகளையும் நேர் எதிரெதிரே மாட்டி, இந்தப் பக்கம் இரண்டு சுற்று அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் தன் சீட்டில் கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் நடு நட்டு. அப்போதும் ஸ்ட்ரட்டின் தலை யார் பக்கமும் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கட்டும். நான் கம்ப்ரஸரைத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் ஒரு நாளைக்கு வாங்கினேன். கொடுக்கும்போது, "தம்பி, மரையில கிரீஸ் போட்டுக்கோ, கன் போட்டு முறுக்காத" என்றார் (கன் என்றால் காற்றில் முறுக்கும் மெஷின்). அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பழைய பம்ப் ஸ்டாப்பை, அதாவது தண்டு கடைசி வரை அமுங்கும்போது இடி தாங்கும் துண்டை, தொட்டதும் கையில் பொடியாக உதிர்ந்தது. டஸ்ட் கவர் கிழிந்திருந்தது. அது இரண்டையும் புதிதாக வாங்கி வைத்திருந்தேன். ஆனால் மேல் மவுண்டும் அதன் பேரிங்கும் பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பழசையே மாட்டினேன். எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்த புத்திசாலித்தனம். அது என்ன ஆனது என்று பின்னால் சொல்கிறேன்.

புது ஸ்ட்ரட்டை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக அழுத்தி விட வேண்டும். கடையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்திருக்கும், உள்ளே காற்றுக் குமிழ் சேர்ந்திருக்கும். பளபளவென்று இருக்கும் அந்தத் தண்டைக் கட்டிங் பிளேயரால் மட்டும் பிடித்துவிடாதீர்கள். தலைமயிர் அளவு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து ஆறு மாதத்தில் மறுபடி பிண்ணாக்கு. நடு நட்டை இறுக்கும்போது தண்டு கூடவே சுற்றினால் அதன் நுனியில் பிடிப்பதற்கென்றே வைத்திருக்கும் இடத்தில் சாவி போட்டுப் பிடிக்கலாம்.

இடது பக்கம் ஐந்து மணி நேரம் ஆனது, வலது பக்கம் ஒன்றரை மணி நேரம். ஸ்பிரிங்கை அறுக்க கட்டிங் மெஷின் கொண்டுவருவதாகச் சொன்ன சித்தப்பா பையன் அன்று வரவே இல்லை. அதனால் பழைய ஸ்பிரிங்கையே அறுக்காமல் மாட்டி முடித்தேன். இன்று யோசித்தால் எனக்கு நடந்த நல்லது அதுதான்.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். வேறு வண்டி. வேகத்தடையில் ஒரே குதி, அடங்கிவிட்டது. மேம்பால வளைவில் சாய்வு மெதுவாக வந்து அப்படியே நின்றது. வண்டியை இறக்கினால் என்னென்ன கிடைக்கும் என்று கனவு கண்டிருந்தேனோ அதில் முக்கால்வாசி வந்துவிட்டது. காஸ் நிரப்பிய ஸ்ட்ரட் என்பதால் உயரமும் நான்கைந்து மி.மீ கூடியது, அதுதான் என் கண்ணை உறுத்தியது.

பத்து நாள் கழித்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று சத்தம். நின்ற இடத்தில் திருப்பும்போது ஒருவரை பானெட் பக்கம் நிறுத்திக் கேட்கச் சொன்னேன், இடது ஸ்ட்ரட் தலையில்தான். பழைய பேரிங் துருவேறி இறுகியிருந்தது, அது சுற்றாமல் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது. எண்ணூறு மிச்சம் பிடித்ததற்கு முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாவற்றையும் ஸ்ட்ரட்டோடு ஒரே பில்லில் வாங்கிவிடுங்கள்.

சரி, மறுபடி கழற்றத்தானே போகிறோம். இந்தத் தடவை கட்டிங் மெஷின் வந்தது.

ஸ்பிரிங்கை அறுப்பது பற்றி ஒரு கணக்கு. வண்டியின் பாரத்தில் ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றும் ஒரே அளவுதான் அமுங்குகிறது. அதனால் ஒரு சுற்றை எடுத்தால் வண்டி எவ்வளவு இறங்கும் என்பதை அறுக்கும் முன்பே அளக்கலாம். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகளின் மையத்துக்கு மையம் என்ன தூரமோ, ஏறக்குறைய அதுதான். எனக்கு 38 மி.மீ வந்தது. இன்னொன்று, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யும் சுற்றுகள் என் ஸ்பிரிங்கில் சுமார் ஐந்தரை. ஒன்றை எடுத்தால் நான்கரை. ஐந்தரையை நான்கரையால் வகுத்தால் 1.22, அதாவது 22 சதவீதம் கடினம். காஸ் வைத்துச் சூடாக்கி உட்கார வைக்கும் பட்டறைகளும் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். சூடு பட்ட கம்பியில் பதம் போய்விடும், எங்கே எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது.

மெல்லிய டிஸ்க்கில், தண்ணீர் ஊற்றி ஊற்றி, சூடேறாமல் அறுத்தோம். அறுத்த நுனி கீழ்ச் சீட்டில் இருக்கும் படியில் சரியாக முட்டி உட்கார வேண்டும். மாட்டி இறக்கினால் மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அளவு 315 மி.மீ-க்குப் பக்கம் வந்து நின்றது. தெருவில் எதிர் வீட்டுப் பையன், "அண்ணா, செம" என்றான். நான் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தேன்.

இந்தச் சந்தோஷம் தனியாக ஓட்டிய வரைக்கும் இருந்தது. இரண்டாம் வாரம் அப்பா, அம்மா, மனைவி, குழந்தையோடு திருத்தணிக்குக் கிளம்பினோம். திருவள்ளூர் தாண்டுவதற்குள்ளேயே அப்பா, "என்னடா பண்ணி வச்சிருக்க, கட்டை வண்டி மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. ஸ்ட்ரட்டுக்குள் தண்டு அமுங்குவதற்கென்று இருக்கும் இடத்தில் 38 மி.மீ ஏற்கெனவே போய்விட்டது, மேலே ஐந்து பேர் பாரம். சின்னப் பள்ளத்துக்கே பம்ப் ஸ்டாப்பில் இடித்தது. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது வேறொரு சத்தம், 'டங்' என்று. சக்கரம் முழுதாகத் தொங்கும் நொடியில் நீளம் குறைந்த ஸ்பிரிங் சீட்டை விட்டு விலகி மறுபடி உட்காரும் சத்தம் அது. ஒரு நாள் அது நேராக உட்காராமல் போகலாம் என்ற நினைப்பு வந்த பிறகு வளைவுகளில் கை வியர்த்தது. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வேகத்தடை, அடியில் இழுத்தது. எல்லோரையும் இறங்கச் சொல்லி நடக்க வைத்து வண்டியைத் தாண்ட வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முருகனைப் பார்க்கப் போகிற வழியில் நடந்தால் புண்ணியம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்து ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988 விதிப்படி வேகத்தடை 10 செ.மீ உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வில் மாதிரி இருக்க வேண்டும். சான்ட்ரோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தூரம் 2.38 மீட்டர். அதாவது விதிப்படி கட்டிய வேகத்தடையில் முழு வண்டியும் ஏறி நிற்கும், வயிற்றுக்கு அடியில் எழும்புவது 4 செ.மீ சொச்சம்தான். இறக்கிய வண்டிகூடச் சிரித்துக்கொண்டே போகலாம். நம் தெருக்களில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில் கொட்டி வைத்த மண்மேடு. அது இரண்டு சக்கரத்துக்கும் நடுவே வந்து நிற்கும்போது அதன் முழு உயரமும் வயிற்றுக்கு அடியில்தான். என் வண்டிக்கு அடியில் முன்பு 16 செ.மீ-க்குச் சற்று மேல் இடம் இருந்தது. அறுத்த பிறகு முன்பக்கம் பன்னிரண்டரை, ஆள் ஏறினால் ஒன்பது பத்து. ஸ்பிரிங்கை அறுக்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

வளைவில் சாய்வும் குறையவில்லை. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சரிந்து இறங்குவதற்குப் பதிலாக, இப்போது மேல்நோக்கி ஏறியது. இந்த வகை சஸ்பென்ஷனில் அப்படி ஆனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். ஸ்பிரிங் விறைத்ததில் கிடைத்த லாபத்தை அது தின்றுவிட்டது. ரேஸ் வண்டிகளில் உயரத்தைக் குறைக்கும்போது ஆர்மும் நக்கிளும் சேரும் பால் ஜாயின்ட், ஆர்ம் எல்லாவற்றையும் மாற்றுவது இதற்காகத்தான். நான் பார்த்தது உயரத்தை மட்டும்.

டயர் இன்னொரு கதை. அலைன்மென்ட்டை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆறு வாரத்தில் முன் டயர் இரண்டிலும் உள் விளிம்பு மட்டும் மொட்டையாகிவிட்டது, வெளியே நின்று பார்த்தால் பட்டன் (டயரின் மேல் வரிகள்) எல்லாம் அப்படியே இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டு, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். ஸ்ட்ரட்டை வெறுமனே மாற்றினால்கூட அன்றைக்கே அலைன்மென்ட் செய்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் போல்ட்டுகளை மறுபடி ஒரு பிடி பார்த்துவிடுங்கள். வீல் நட்டை 90-லிருந்து 110 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்கலாம், மற்றவற்றுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும் அளவு. ஹெட்லைட்டையும் பாருங்கள். முன்பக்கம் மட்டும் இறங்கியதால் என் வெளிச்சம் பத்தடி முன்னால் குழியைத் தேடிக்கொண்டிருந்தது.

வண்டியை இப்படி இறக்குவது சட்டப்படி சரியா என்று ஒருவர் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஸ்பிரிங் உயரம் சான்றிதழில் இல்லையே என்று வாதாடலாம். ஆனால் விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் அறுத்த ஸ்பிரிங்கைப் பார்த்துவிட்டு என்ன எழுதுவார் என்று யோசித்தேன், எனக்கு வாதாடும் தெம்பு இல்லை.

பழைய உயரத்துக்கே திரும்ப முடிவு செய்து, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். சான்ட்ரோ முன் ஸ்பிரிங் மலை மாதிரி குவிந்திருக்கும், ஆனால் ஜோடி கிடைப்பது கஷ்டம். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒன்றா என்று பார்க்க வேண்டும், நுனியில் கம்பி முறிந்திருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும், பெயின்ட் அடையாளமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று கடை ஏறி இறங்கி ஒரு ஜோடியை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்றாவது தடவையாகக் கழற்றியபோது ஒரு பக்கம் ஐம்பது நிமிடம்தான் ஆனது. ஆகக்கூடி ஒரு ஜோடி ஸ்பிரிங், இரண்டு டயர், மூன்று ஞாயிற்றுக்கிழமை.

இப்போது இடது 355, வலது 354. ஏணி மேல் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது. அப்பா போன வாரம் ஓட்டிவிட்டு வந்து, "இப்பதான் நம்ம வண்டி மாதிரி இருக்கு" என்று சாவியைக் கொடுத்தார். பின் ஷாக் அப்சார்பரில் வலது பக்கம் லேசாகக் கசிவு தெரிகிறது. சித்தப்பா பையனின் ஸ்டாண்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.